உங்களுக்குத் தெரியுமா? கிரகணக் கணக்கு முதல் வைஃபை வரை

★ வீட்டு டிடிஎச் பெட்டி திரை மூலையில் தேதி காட்டுகிறது. அது செயற்கைக்கோளிலிருந்து தேதியாக வந்து இறங்குவதில்லை. 1858 நவம்பர் 17-ஐப் பூஜ்யமாக வைத்து, இன்று எத்தனையாவது நாள் என்கிற ஒற்றை எண்தான் வருகிறது. அதை நாள், மாதம், ஆண்டாகப் பிரித்துக் காட்டுவது பெட்டியின் வேலை.

1858 நவம்பரில் தொலைக்காட்சிக்காரர்களுக்கு என்ன விசேஷம்? ஒன்றுமில்லை. எண்ணிக்கை வானியலாளர்களுடையது. ஜோசப் ஸ்காலிஜர் என்ற அறிஞர், பழைய ராஜ்யங்களின் காலக்கணக்குகளை எல்லாம் ஒரே சரட்டில் கோப்பதற்காக, கி.மு. 4713-ல் தொடங்கும் ஒரு காலவட்டத்தை 1583-ல் வகுத்தார். பின்னால் வந்த வானியலாளர்கள் அந்தத் தொடக்கத்திலிருந்து நாள்களை எண்ண ஆரம்பித்தார்கள். இரண்டு கிரகணங்களுக்கு இடையே எத்தனை நாள் என்று தெரியவேண்டுமா? ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் முடிந்தது. லீப் வருஷமும் மாத நீளமும் குறுக்கே வராது. நம் பஞ்சாங்கக்காரர்கள் கி.மு. 3102 பிப்ரவரி 18-லிருந்து எண்ணுகிற கலிதினத்துக்கும் இதே வேலைதான்.

1957-ல் ஸ்புட்னிக் மேலே போனது. அதன் பாதையைக் கணிக்க உட்கார்ந்த ஸ்மித்சோனியன் வானியல் ஆய்வகத்தாரிடம் இருந்தது ஐபிஎம் 704 கணினி. நாள் எண் அதற்குள் 24 லட்சத்தைத் தாண்டியிருந்தது. அத்தனை பெரிய எண்ணை எல்லா இடத்திலும் எழுதினால் நினைவகம் தாங்காது. எனவே 24 லட்சத்து அரை நாளை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை 18 பிட்டில் அடக்கினார்கள். வெட்டு விழுந்த இடம் 1858 நவம்பர் 17. ‘விஎம்எஸ்’ என்ற இயங்குதளத்தின் கடிகாரமும் அன்றிலிருந்துதான் ஓடுகிறது. டிஜிட்டல் தொலைக்காட்சித் தரத்தை வகுத்தவர்கள் இன்னும் சிக்கனம் பிடித்து 16 பிட்டோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்த இடம் 2038 ஏப்ரல் 22 அன்று நிரம்பிவிடும்.

★ மிகச் சிறிய கருந்துளைகள் மெல்ல ஆவியாகிக் கடைசியில் வெடிக்கும் என்று ஸ்டீபன் ஹாக்கிங் 1974-ல் சொன்னார். அந்த வெடிப்பின் ரேடியோத் துடிப்பைத் தேடியவர்களில் ஒருவர் ஜான் ஓ’சல்லிவன் என்ற ஆஸ்திரேலியர். தேடியது அகப்படவில்லை. ஆனால் விண்வெளியில் நெடுந்தூரம் வந்ததில் கலைந்து பரவிய துடிப்பை மறுபடி கூராக்குவது எப்படி என்பது அவருக்குக் கைவந்தது.

1990-களில் ஆஸ்திரேலிய அரசின் சிஎஸ்ஐஆர்ஓ நிறுவனத்தில் அவரும் கூட்டாளிகளும் அறைக்குள்ளே கம்பியில்லாமல் கணினிகளை இணைக்கப் பார்த்தார்கள். சுவர், பீரோ, மேசை என்று எதன்மேல் பட்டாலும் அலை திரும்பிவரும். ஒரே செய்தி முன்னும் பின்னுமாகப் பலமுறை வந்து ஒன்றன்மேல் ஒன்று விழும். தொலைநோக்கிக்காரர்கள் ஏற்கெனவே பட்ட பாடுதான். ஒரே வேகமான ஓட்டமாக அனுப்பாமல், செய்தியைப் பல அலைவரிசைகளில் பிரித்து மெதுவாக, பக்கம் பக்கமாக அனுப்புவது அவர்கள் கண்ட வழி. அமெரிக்கக் காப்புரிமை 1996-ல் கிடைத்தது. வழக்குகளுக்குப் பிறகு அது ஈட்டிய தொகை 43 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல்.

‘வைஃபையைக் கண்டுபிடித்தது கருந்துளை ஆராய்ச்சி’ என்று இதைச் சுருக்கிச் சொல்கிறவர்கள் உண்டு. அது மிகை. வைஃபை பலர் கைபட்டு உருவானது. அதன் வேகத்தில் வானியலுக்கு ஒரு பங்கு இருக்கிறது. அந்த அளவோடு ஒப்புக்கொள்ளலாம்.

★ கணிதம், வானியல், நெட்வொர்க் என்ற மூன்று துறையும் ஒரே ஆளின் மேசையில் கிடந்த காலம் உண்டு. அந்த மேசை ஜெர்மனியின் கார்ல் ஃபிரெடரிக் கவுஸுடையது.

1801 ஜனவரி 1 அன்று சிசிலியின் பலெர்மோவில் ஜுசப்பே பியாட்சி வானத்தில் ஒரு புதிய பொருளைக் கண்டார். அதுதான் சீரிஸ். பிப்ரவரி 11 வரை பின்தொடர்ந்தார். பிறகு அது சூரியனின் வெளிச்சத்துக்குள் போய் மறைந்துவிட்டது. மறுபடி எங்கே தலைகாட்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. 24 வயதுக் கவுஸ், ஆறு வாரக் குறிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு பாதை முழுவதையும் கணக்குப் போட்டுச் சொன்னார். அந்த டிசம்பரிலேயே, அவர் கைகாட்டிய இடத்தருகில் சீரிஸ் சிக்கியது. ஐரோப்பா முழுக்கப் பெயர் பரவியது.

பெயர் வாங்கித்தந்தது சீரிஸ் என்றாலும், நம் சட்டைப்பைக்கு வந்து சேர்ந்தது அடுத்த கணக்குதான். பல்லாஸ் என்ற சிறுகோளின் பாதையை அலைகளின் கூட்டாக எழுதிப் பார்க்க அவர் 1805 வாக்கில் ஒரு குறுக்கு வழி கண்டார். பெரிய கணக்கைச் சின்னச் சின்னக் கூறுகளாகப் பிரி, ஒவ்வொன்றையும் முடி, பிறகு சேர்த்துக் கட்டு. 1024 புள்ளிகள் இருந்தால் நேர்வழியில் பத்து லட்சத்துக்கு மேல் பெருக்க வேண்டும். இந்த வழியில் பத்தாயிரத்துச் சொச்சத்தில் வேலை முடியும். கவுஸ் இதை லத்தீனில் எழுதி வைத்துக்கொண்டார், அச்சுக்குக் கொடுக்கவில்லை. அவர் 1855-ல் இறந்து, அது தொகுப்பில் வெளியானது 1866-ல். அப்போதும் கவனித்தவர் குறைவு.

1965-ல் ஜேம்ஸ் கூலி, ஜான் டூக்கி என்ற இரு அமெரிக்கர்கள் அதே வழியைத் தாங்களாகவே கண்டுபிடித்து வெளியிட்டார்கள். பின்னணியில் இருந்த அவசரம் பனிப்போர்: சோவியத் நாடு மண்ணுக்கடியில் அணுகுண்டு சோதித்தால் நிலநடுக்கப் பதிவுகளிலிருந்து அதைப் பிரித்தறிய வேண்டும். ‘கவுஸ் முன்பே செய்துவிட்டார்’ என்பது 1980-களில்தான் பரவலாகத் தெரியவந்தது. இன்று 4ஜி, 5ஜி, வைஃபை மூன்றுமே செய்தியைப் பல அலைவரிசைகளில் பிரிப்பதும் சேர்ப்பதும் இந்தக் கணக்கால்தான். முன் சொன்ன ஓ’சல்லிவன் குழுவினரும் இதையே சில்லுக்குள் வைத்தார்கள்.

இதோடு நிற்கவில்லை. 1833-ல் கவுஸும் இயற்பியலாளர் வில்ஹெல்ம் வெபரும் கோட்டிங்கன் நகரத்துக் கூரைகளின் மேலே கம்பி இழுத்து, வானாய்வகத்தையும் இயற்பியல் கூடத்தையும் இணைத்தார்கள். சுமார் ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு மின்காந்தத் தந்தி. மோர்ஸ் தமது தந்தியைப் பொதுமக்களுக்குக் காட்டுவதற்குப் பல ஆண்டுகள் முந்தைய சங்கதி. 1845-ல் விழுந்த இடி அந்தக் கம்பியை முடித்துவைத்தது.

★ அட்லாண்டிக் கடல் தாண்டிப் பேசும் டெலிபோனில் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னது பெல் ஆய்வகம். கார்ல் ஜான்ஸ்கி, கார்ச் சக்கரங்களின் மேல் சுழலும் ஆன்டெனா ஒன்றைக் கட்டினார். இடி மின்னல் போக ஒரு மெல்லிய சீறல் மிச்சமிருந்தது. அது 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை உச்சத்துக்கு வந்தது. சூரியனின் நாள் 24 மணி. நட்சத்திரங்களின் நாள்தான் 23 மணி 56 நிமிடம். சீறியது பால்வீதியின் மையம். 1933-ல் வெளிவந்த இந்தச் செய்தியிலிருந்துதான் ரேடியோ வானியல் பிறந்தது. டெலிபோன் கம்பெனிக்கு இதில் லாபமில்லை என்பதால் ஜான்ஸ்கிக்கு வேறு வேலை கொடுத்துவிட்டார்கள்.

★ முப்பது ஆண்டு கழித்து அதே கம்பெனியின் இன்னொரு ஆன்டெனாவில் இன்னொரு இரைச்சல். ஆர்னோ பென்சியாஸும் ராபர்ட் வில்சனும் உள்ளே குடியிருந்த புறாக்களை விரட்டி, எச்சத்தைக் கழுவிப் பார்த்தும் அது போகவில்லை. பிரபஞ்சப் பெருவெடிப்பின் மிச்சச் சூடு அது. 1978-ல் நோபல் பரிசு.

★ புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளைப் பரப்பிக் கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். எதிரே உட்கார்ந்து குறிப்பெடுத்தவர் ஜான் வாரன், சென்னை வானாய்வகத்தை முன்பு கவனித்துவந்தவர். (கோலார் பக்கம் தங்கம் இருக்கிறது என்று 1802-ல் தேடிப்போன அதே வாரன்தான்.) கணிக்கப்பட்டது 1825 மே 31 – ஜூன் 1 இரவின் சந்திர கிரகணம்.

பஞ்சாங்கக்காரர் கையில் ஏடு இல்லை, எழுதுகோல் இல்லை. அட்டவணைகள் முழுவதும் மனப்பாட வாக்கியங்களாக இருந்தன. ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் என்பதால் வாக்கியத்தைச் சொன்னால் எண் வந்துவிடும். சோழிகள் அந்த எண்களைக் கூட்டவும் கழிக்கவும். கிரகணம் ஏன் நிகழ்கிறது என்ற தத்துவத்தில் அவருக்கு அக்கறை இல்லை என்கிறார் வாரன். முடிவு? கிரகணத்தின் தொடக்கம் 4 நிமிடம் பிசகியது. நடுப்பகுதி 23 நிமிடம். முடிவு 52 நிமிடம். இதைப் பிழை என்று எடுத்துக்கொள்வதா, வியப்பு என்று எடுத்துக்கொள்வதா? தலைமுறை தலைமுறையாக வாய்வழி வந்த ஒரு நிரல், அதன் காரணம் தெரியாத ஒருவரிடம்கூட இந்த அளவுக்கு ஓடியது என்பதால் நான் இரண்டாவது பக்கம்.

வாரன் அந்தச் செய்முறையை 1825-ல் சென்னையில் அச்சான ‘கால சங்கலித’ நூலில் சேர்த்தார். நூற்றிருபத்தேழு ஆண்டுக்குப் பின் ஒரு வாசகர் அதைத் தூசி தட்டினார்: பாபிலோனியக் களிமண் பலகைகளின் கணிதத்தை உலகுக்கு விளக்கிய ஆட்டோ நியூகபவர். 1952-ல் ‘தமிழ் வானியல்’ என்றே தலைப்பிட்டு எழுதினார். அவர் கண்ணில் பட்டது 248 என்ற எண். நிலவு பூமிக்கு மிக அருகே வந்து, விலகி, மறுபடி மிக அருகே வர 27.55 நாள், அப்படி ஒன்பது சுற்றுக்கு 248 நாள், கிட்டத்தட்டத் துல்லியமாக. வாக்கியப் பஞ்சாங்கத்தில் சந்திரனுக்கு 248 வாக்கியங்கள் இருப்பது அதனால்தான். அதே 248 பாபிலோனியக் கணக்கிலும் இருக்கிறது, கிரேக்கக் கணக்கிலும் இருக்கிறது. மெசபடோமியாவில் ஈரக் களிமண்ணில் அழுத்திய எண்ணைப் புதுச்சேரித் தரையில் சோழிகள் சுமந்துகொண்டிருந்தன.

★ வாரனுக்கும் முன்பே புதுச்சேரியில் இந்தக் கணக்கைக் கற்றுக்கொண்டவர் பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்டில். 1765 ஆகஸ்ட் 30-ன் சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைவாகச் சொன்னது. ஐரோப்பாவின் பேர்போன டோபியாஸ் மேயர் அட்டவணை 68 விநாடி கூடுதலாகச் சொன்னது. அந்தக் கிரகணத்துக்கு நம்மவர்தான் கிட்டே.

லெ ஜென்டில் வந்தது வேறு காரியத்துக்கு. சூரியனை வெள்ளி கடப்பதைப் பார்க்க 1760-ல் கிளம்பினார். 1761-ல் புதுச்சேரி ஆங்கிலேயர் வசம் போய்விட, கடலில் ஆடும் கப்பலில் இருந்து பார்த்துப் பயனில்லாமல் போனது. அடுத்தது 1769-ல். காத்திருந்தார். அன்று காலை மேகம். ஊர் திரும்பியபோது பதினோரு ஆண்டு கழிந்திருந்தது. இறந்துவிட்டார் என்று உறவினர் சொத்தைப் பிரிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

★ கி.மு. 136 ஏப்ரல் 15 அன்று பாபிலோனில் பட்டப்பகல் இருண்டது. வெள்ளி, புதன், செவ்வாய், வியாழன் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்ததாக அங்கே பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். இப்போது லண்டனில், பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் பலகைகள் அவை. பூமி எப்போதும் இதே வேகத்தில் சுழல்கிறது என்று வைத்துக் கணக்கிட்டால், அந்த முழுக்கிரகணம் பாபிலோனில் தெரிந்திருக்கவே முடியாது. நிழல் அங்கிருந்து கிட்டத்தட்ட 49 பாகை மேற்கே விழுந்திருக்க வேண்டும்.

பலகை எழுதியவர் பொய் சொல்லவில்லை. பூமிதான் அதன் பிறகு தளர்ந்திருக்கிறது. நிலவு எழுப்பும் கடல் அலையேற்றம் அதைப் பிடித்து இழுக்கிறது. டர்ஹாம் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஸ்டீபன்சன், பாபிலோனியர், சீனர், கிரேக்கர், அரேபியர் எழுதிய கிரகணக் குறிப்புகளைப் பல்லாண்டு தொகுத்தார். மோரிசன், ஹோஹென்கெர்க் என்பவர்களோடு 2016-ல் அவர் வெளியிட்ட முடிவு, கி.மு. 720 முதல் 2015 வரைக்குமானது: ஒரு நாளின் நீளம் நூற்றாண்டுக்குச் சுமார் 1.8 மில்லிநொடி கூடுகிறது. அலையேற்றம் மட்டும் என்றால் 2.3 கூடியிருக்க வேண்டும். பனியுகப் பனிப்பாளங்களின் சுமை இறங்கியதில் நிலம் மெல்ல எழும்பி உருவம் மாறுவது போன்ற வேறு காரணங்கள் மிச்சத்தைச் சரிக்கட்டுகின்றன. மில்லிநொடி என்று அலட்சியம் வேண்டாம். ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட நாள்களில் அது சேர்ந்து சேர்ந்து மூன்றேகால் மணி நேரமாகியிருக்கிறது.

★ அந்தத் தளர்ச்சிதான் 2012 ஜூன் 30 நள்ளிரவில் சர்வர்களை உலுக்கியது. அணுக்கடிகாரம் தளர்வதில்லை, பூமி தளர்கிறது. இரண்டும் விலகாமல் இருக்க 1972 முதல் அவ்வப்போது ஒரு விநாடியைச் செருகிவந்தார்கள். மொத்தம் 27 தடவை, கடைசியாக 2016 டிசம்பர் 31-ல். 23:59:59-க்குப் பிறகு 23:59:60 என்று ஒரு விநாடி. மனிதர்களுக்கு உறைக்கவில்லை. ஆனால் 2012-ல் பல லினக்ஸ் கணினிகள் குழம்பி வெற்றுச் சுற்றுச் சுற்ற ஆரம்பித்தன. ரெட்டிட் தளம் தடுமாறியது, குவாண்டாஸ் விமானப் பயணிகள் வரிசையில் நின்றார்கள்.

கூகுள் வேறு வழி பிடித்தது: அந்த ஒரு விநாடியைப் பல மணி நேரத்தில் துளித்துளியாகக் கரைத்துவிடுவது. எடை, அளவுகளுக்கான உலக மாநாடு 2022-ல் கூடி, 2035-க்குள் இந்தச் செருகலையே கைவிடுவது என்று முடிவெடுத்தது. நெட்வொர்க்காரர்கள் வென்றார்கள் என்றே சொல்ல வேண்டும். வானத்தைப் பார்த்து மணி சொன்ன நெடுங்கால வழக்கம், சர்வர் கவிழக்கூடாது என்பதற்காக வழிவிடுகிறது.

★ உங்கள் கைபேசி, வங்கி சர்வர், ரயில் முன்பதிவுக் கணினி எல்லாம் ஒரே நேரம் காட்டுவது எப்படி? டெலாவேர் பல்கலைக்கழகத்தின் டேவிட் மில்ஸ் உருவாக்கிய என்டிபி என்ற நெறிமுறை இதில் பெரும்பங்கு செய்கிறது. 1985-ல் வந்தது. உங்கள் கணினி ‘மணி என்ன?’ என்று கேட்கும்போது தன் நேரத்தைக் குறித்துக்கொள்ளும். கேள்வி வந்த நேரம், பதில் கிளம்பிய நேரம் இரண்டையும் சர்வர் எழுதி அனுப்பும். பதில் கைக்கு வந்த நேரம் நான்காவது. இந்த நான்கு எண்களை வைத்துப் பயணத்தில் போன நேரத்தைக் கழித்துவிடலாம், போகிற வழியும் வருகிற வழியும் சமம் என்றால். பல சர்வர்களைக் கேட்டு, ஒத்துப்போகாத பதில் சொல்கிறதைத் தள்ளிவைக்கும் ஏற்பாடும் உண்டு.

பிறவியிலேயே கண்நோய் கண்ட மில்ஸ், பார்வை குறைந்துகொண்டே வந்த நிலையிலும் உலகத்தின் கடிகாரத்தைப் பல்லாண்டு பராமரித்தார். 2024 ஜனவரியில் மறைந்தார். என்டிபி 1900 ஜனவரி 1-லிருந்து விநாடிகளை 32 பிட்டில் எண்ணுகிறது. அது நிரம்பி மறுபடி பூஜ்யத்துக்கு வருவது 2036 பிப்ரவரி 7, இந்திய நேரம் பகல் 11 மணி 58 நிமிடம் 16 விநாடி. யுனிக்ஸ் வழிவந்த பழைய கணினிகளின் முறை, 2038 ஜனவரி 19 காலை 8:44-க்கு.

★ இந்திய ரயில்கள் ஒருகாலத்தில் சென்னை மணிக்கு ஓடின. கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் தனித்தனி நேரம் இருந்ததால், இரண்டுக்கும் நடுவில் விழுந்த சென்னை நேரம் ரயில்வேக்கு வசதியாகப் போனது. கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முன்னால் என்று அதைக் கணக்கிட்டவர் சென்னை வானாய்வகத்தின் ஜான் கோல்டிங்காம், 1802-ல். 1906 ஜனவரி 1 முதல் இந்தியப் பொதுநேரம் வந்தது. 1792-ல் நட்ட வானாய்வகக் கருங்கல் தூண், தமிழ் எழுத்துகளோடு, நுங்கம்பாக்கத்து வானிலை ஆய்வு மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது.

★ அதே வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1874-ல் வெள்ளி சூரியனைக் கடப்பதைச் சாதாரண மக்களுக்கு விளக்கி, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் புத்தகம் போட்டார்.

★ கோனிக்ஸ்பெர்க் நகரத்தின் ஏழு பாலங்களையும், ஒவ்வொன்றையும் ஒரே ஒரு முறை மட்டும், கடந்து வர முடியுமா? முடியாது என்று ஆய்லர் 1735-ல் நிறுவினார். நெட்வொர்க் கணிதத்தின் பிள்ளையார் சுழி அது. 1736-ல் இதை அவர் கடிதத்தில் விளக்கியது வியன்னாவின் அரசவை வானியலாளர் மரினோனிக்கு. இதற்கும் கணிதத்துக்கும் பெரிய சம்பந்தமில்லை என்று ஆய்லருக்கே முதலில் தோன்றியது. நகரம் இப்போது ரஷ்யாவின் கலினின்கிராட். குண்டு வீச்சில் பாலங்கள் சில போய், இன்றிருக்கும் ஐந்தையும் ஒரே நடையில் கடந்துவிடலாம்.

★ ரவுட்டர்கள் குறுகிய பாதை தேடும் கணக்கை எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா 1956-ல் ஆம்ஸ்டர்டாமில் போட்டார். வருங்கால மனைவியோடு கடைவீதி சுற்றிய அலுப்பில் காபிக் கடையில் உட்கார்ந்து, காகிதம் பேனா இல்லாமல், இருபது நிமிடத்தில்.

★ ஊர்களை எல்லாம் மிகக் குறைந்த கம்பியில் இணைப்பது எப்படி என்று 1926-ல் கணக்குப் போட்டவர் செக் நாட்டு ஓட்டகார் போரூவ்கா. மொராவியாவுக்கு மின்சாரம் கொண்டுபோகிறவர்கள் கேட்ட கேள்வி அது. வளையம் விழாமல் எல்லாவற்றையும் இணைக்கும் அதே யோசனையில், 1985-ல் ரேடியா பெர்ல்மன் நெட்வொர்க் ஸ்விட்ச்களுக்கிடையே செய்தி முடிவில்லாமல் சுற்றாதபடி ஒரு நெறிமுறை எழுதினார். அதை விளக்க ஒரு கவிதையும் எழுதினார்.

★ சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் கணக்கெழுதிய சீனிவாச ராமானுஜனின் பெயரில் ஒருவகை நெட்வொர்க் இருக்கிறது: ராமானுஜன் வரைபடங்கள். ராமானுஜன் நெட்வொர்க்கைப் பற்றி ஒரு வரிகூட எழுதியதில்லை.

கேள்வி இதுதான். ஆயிரக்கணக்கான கணினிகள், ஒவ்வொன்றிலிருந்தும் நாலைந்து கேபிள்தான் இழுக்க முடியும். எந்த இடத்தில் வெட்டினாலும் இரண்டு துண்டாக விழக்கூடாது. யாரிடமிருந்தும் யாருக்கும் சில தாவலில் செய்தி போக வேண்டும். ஒரு பெரிய ஊரில் ஆளுக்கு நாலு பேரோடுதான் பேச்சுவார்த்தை, ஆனாலும் காலையில் கிளம்பிய வதந்தி மத்தியானத்துக்குள் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர வேண்டும் என்பது போல. இணைப்புகளை எண்கட்டமாக எழுதினால் அதிலிருந்து சில சிறப்பு எண்கள் கிடைக்கும். அவற்றில் இரண்டாவது பெரியது எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்ல நெட்வொர்க். ஒரு கணினிக்கு d கேபிள் என்றால், நெட்வொர்க் பெரிதாகப் பெரிதாக அந்த எண்ணை d−1-ன் வர்க்கமூலத்தின் இருமடங்குக்குக் கீழே கொண்டுபோக வழியே இல்லை என்று கணிதம் எல்லை போடுகிறது.

அந்த எல்லையைத் தொடும் நெட்வொர்க்கைக் கட்டமுடியுமா? 1988-ல் லூபோட்ஸ்கி, பிலிப்ஸ், சார்னாக் மூவரும் கட்டினார்கள், தனியாக மார்குலிஸும். ஆதாரமாக நின்றது ராமானுஜன் 1916-ல் கேம்பிரிட்ஜில் இருந்தபோது ‘டௌ’ என்ற எண்தொடரைப் பற்றி முன்வைத்த ஊகமும் அதன் வாரிசுகளும். அசல் ஊகத்தை 1974-ல் பியேர் டெலிங் நிரூபித்திருந்தார். முதலில் கிடைத்த கட்டுமானம் குறிப்பிட்ட சில கேபிள் எண்ணிக்கைகளுக்கு மட்டுமே பொருந்தியது. இரண்டு அணியாகப் பிரிந்து எதிரணியோடு மட்டும் இணையும் வகைக்கு, எந்த எண்ணிக்கையானாலும் இத்தகைய நெட்வொர்க் உண்டு என்று 2013-ல் மார்கஸ், ஸ்பீல்மன், ஸ்ரீவாஸ்தவா காட்டினார்கள். சூப்பர் கணினிகளின் உள்கேபிள் அமைப்புக்கு இப்போது இவற்றைப் பரிசீலிக்கிறார்கள்.

★ கோபன்ஹேகன் தெருக்களில் ஒருவர் நடப்பார். பின்னால் ஏணி தூக்கிக்கொண்டு ஓர் ஆள். பாதாளக் குழிக்குள் இறங்கி டெலிபோன் கேபிளை அளப்பதற்காக. அவர் அக்னர் எர்லாங், டெலிபோன் கம்பெனியின் கணிதக்காரர். அழைப்புகள் எந்த ஒழுங்குமில்லாமல் வந்தாலும் அவற்றின் எண்ணிக்கைக்கு ஒரு விதி உண்டு என்று 1909-ல் காட்டினார். எத்தனை லைன் வைத்தால் எத்தனை பேருக்கு ‘பிஸி’ கேட்கும் என்பதற்கு 1917-ல் சூத்திரம் தந்தார். டெலிபோன் போக்குவரத்தின் அளவைக்கு இன்றும் எர்லாங் என்றே பெயர்.

★ டீக்கடை க்யூஆர் அட்டையில் எண்ணெய்க் கறை படிந்தும் பணம் போகிறதே, அதைக் காப்பாற்றுவது ரீடும் சாலமனும் 1960-ல் ஐந்து பக்கத்தில் எழுதிய கணிதம். அதிகபட்சப் பாதுகாப்பில் சுமார் முப்பது சதவீதம் அழிந்தாலும் மீட்டுவிடும். 1986-ல் யுரேனஸைக் கடந்த வாயேஜர் 2 படம் அனுப்பியதும் இதை நம்பித்தான்.

★ இங்கே சொன்ன மூன்று துறைகளிலும் தடம் பதித்த இன்னொருவர் உண்டு, கவுஸ் அளவுக்குப் பெயர் வாங்காதவர். டெரெக் டி சொல்லா பிரைஸ், 1948-ல் சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் கல்லூரிக்குக் கணிதம் கற்பிக்க வந்த ஆங்கிலேயர். நூலகக் கட்டடம் தயாராகாததால், லண்டன் ராயல் சொசைட்டி 1665-லிருந்து வெளியிட்ட ஆய்விதழ்த் தொகுதிகள் அவர் வீட்டுக்கு வந்தன. பத்துப் பத்தாண்டாகச் சுவரோரம் அடுக்கினார். அடுக்குகளின் உயரம் சீராக ஏறவில்லை, இரட்டித்து இரட்டித்து ஏறியது. அறிவியலின் வளர்ச்சியை அளக்கலாம் என்ற யோசனை அந்தச் சுவரில் பிறந்தது.

அடுத்து அவரைப் பிடித்துக்கொண்டது, கிரேக்கத் தீவான ஆன்டிகிதெராவின் கடலடியில் மூழ்கிய கப்பலிலிருந்து 1901-ல் எடுத்த களிம்பேறிய வெண்கலத் துண்டுகள். எக்ஸ்ரே எடுத்து, பல்சக்கரங்களின் பற்களை எண்ணி, இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய வானியல் கணிப்பொறி இது என்று 1974-ல் விரிவாக எழுதினார். தப்பியவை 30 சக்கரங்கள். அவற்றில் ஒன்றுக்கு 223 பற்கள் என்று பின்னால் உறுதியானது; கிரகணங்கள் திரும்ப வரும் சுற்று 223 சந்திர மாதம்.

இடையில் 1965-ல், ஆய்வுக்கட்டுரைகள் ஒன்றையொன்று மேற்கோள் காட்டுவதை ஒரு நெட்வொர்க்காகப் பார்த்து எழுதினார். 1976-ல் அதற்குக் கணிதம் கொடுத்தார்: ஏற்கெனவே நிறைய மேற்கோள் பெற்ற கட்டுரைக்கே மேலும் மேலும் மேற்கோள் குவியும். 1999-ல் அல்பெர்ட் பராபாசியும் ரேகா அல்பெர்ட்டும் இணையப் பக்கங்கள் இணைந்திருக்கும் விதத்தை விளக்கத் தாங்களாகவே வந்து சேர்ந்தது ஏறத்தாழ அதே விதிக்கு. பிரைஸ் அதைப் பார்க்க இல்லை, 1983-லேயே இறந்துவிட்டார். இன்று மேற்கோள் எண்ணிக்கையில் 1999 கட்டுரை பல மடங்கு முன்னால் இருக்கிறது. பிரைஸின் விதிப்படி இந்த இடைவெளி இனியும் கூடிக்கொண்டுதான் போகும்.